செல்லிக்கு அடிக்கும் சீட்டி

ஜொகூர் பாரு
ஜூலை 1943

சேசு மரி சூசை துணை.

என் கண்ணு வினிஃப்ரெட்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் மாதா புண்ணியத்தில் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், இந்தக் காலத்தில் சுகம் என்றால் அதுதான். தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்களாம், அதனால் தைப்பிங் பக்கம் கருவாடு ஏற்றிப்போகும் லாரிக்கார ஜெயபாலனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நல்ல பையன், மரவள்ளிக்கிழங்கு அவித்ததாவது ஒரு வாய் கொடுத்து அனுப்பு. பிள்ளைக்குச் சளி என்று எழுதியிருந்தாயே, துளசிச்சாறு கொடுத்தாயா, வெறும் தரையில் போடாதே.

போன வாரம் உன் அப்பாவை சயாமுக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். பதறாதே, திரும்பி வந்துவிட்டார். எப்படி வந்தார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. துரை சிங்கப்பூருக்கு ஓடிய பிறகு பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து உட்கார்ந்ததும், துரையின் நாற்காலியோடு குதிரை செல்லியையும், செல்லியோடு குதிரைக்காரராக உன் அப்பாவையும் வைத்துக்கொண்டதும் உனக்குத் தெரியும். அதனால்தான் சயாமில் ரயில் பாதை போட ஊர் ஆண்களை வாரிக்கொண்டு போனபோதுகூட இவர்மேல் கை வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் காளியப்பன் போய் ஒரு சேதியும் இல்லை, அவன் பெண்டாட்டி தினமும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். குதிரைக்குத் தாலி கட்டிய மனுஷன் என்று நான் உன் அப்பாவை எத்தனை முறை கேலி செய்திருப்பேன், கடைசியில் என் தாலியே அந்தக் குதிரையின் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு லாயத்துப் பலகைகளை எதற்கோ பிடுங்கிக்கொண்டு செல்லியைக் கார் நிறுத்தும் கொட்டகையில் கட்டிவிட்டார்கள். சிமெண்டுத் தரை. உன் அப்பா கெஞ்சிப் பார்த்துவிட்டு, புல்லாவது அறுத்துவருவோம் என்று தெப்ராவ் ரோட்டுப் பக்கம் போனார். இவர் யாருடைய ஆள் என்று தெரியாத வேறு பட்டாளத்தான் புல்கட்டோடு லாரியில் ஏற்றிவிட்டான். நம் தெருப் பையன் சின்னத்தம்பிதான் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, அக்கா அண்ணன ஏத்திட்டானுங்கக்கா என்று அவருடைய அரிவாளை என் கையில் கொடுத்தான். நான் பங்களாவுக்கு ஓடினேன், காவல்காரன் துப்பாக்கிக் கட்டையால் நெஞ்சில் தள்ளினான். அன்று முழுக்க யாரும் காது கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர்களே என்னைக் கூப்பிட்டார்கள். செல்லி புல்லைத் தொடவில்லையாம், முதல்நாளிலிருந்து மூத்திரமும் போகவில்லையாம். போய்ப் பார்த்தால் உடம்பெல்லாம் வியர்த்து, காலை உதைத்துக்கொண்டு, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. உன் அப்பா என்ன செய்வார் என்று நீ மறந்திருக்க மாட்டாய். கடினத் தரையில் காலில் தெறிக்கும் என்று அது அடக்கிக்கொள்ளும், அதனால் காய்ந்த லாலாங் புல்லைப் பரப்பிவிட்டுப் பக்கத்தில் நின்று சன்னமாக நீளமாகச் சீட்டி அடிப்பார், கைக்குழந்தைக்கு நாம் உஸ் சொல்வதுபோல. குட்டியிலிருந்து அப்படியே பழக்கிவிட்டார். நீ தவிட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டாய், உன்னைத் திட்டித் திட்டி நானும் கற்றுக்கொண்டேன்.

அதிகாரி பக்கத்தில் ராஜசேகரன் நின்றான். துரையிடம் கணக்கெழுதும் கிராணி வேலையில் இருந்தானே, இப்போது ஜப்பான் பாஷை படித்து மொழிபெயர்க்கிறான். ஒங்க வீட்டுக்காரர் இதுக்கு என்ன செய்வாருன்னு கேக்குறாரு, தெரிஞ்சா செய்யுங்கம்மா என்றான். செல்லி என்னைப் பார்த்ததும் கனைத்து என் முந்தானையில் மூக்கை நுழைத்தது. என் உதடு தானாகக் குவிந்துவிட்டது வினிஃப்ரெட். நான் சீட்டி அடித்தால் குதிரை பிழைக்கும், அப்புறம் இவர்களுக்கு உன் அப்பா எதற்கு, நான் போதுமே. அடிக்காமல் விட்டு அதற்குள் குதிரை செத்தாலும் அவர் போனவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அவர் கை பட்டாத்தான் ஆகும், அவரைத்தான் நேத்து லாரியில ஏத்திட்டாங்களே என்று சொன்னேன். ராஜசேகரன் அதை அதிகாரியிடம் சொல்லிவிட்டு, ரயில் ஸ்டேஷனில் தேடப் பெயர் வேண்டும் என்றான். கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் வராத பெயரை அத்தனை பேர் முன்னால் அமலநாதன் என்று கத்திச் சொன்னேன். அதிகாரியே காரில் போனான்.

உச்சிவெயில் வரைக்கும் நான் அந்தக் கொட்டகையில் நின்றேன். அது முனகும், நான் ஜெபமாலை சொல்லுவேன். ஒருமுறை முன்னங்காலை மடித்து விழப்போனது, அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கார் வந்து நின்றதும் உன் அப்பா முகம் வீங்கி இறங்கினார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய் எங்கிருந்தோ லாலாங்கை அள்ளிவந்து கொட்டினார். சீட்டிச் சத்தம் கேட்டதும் செல்லி காலை அகட்டிக்கொண்டு மூத்திரம் விட்டது பார், சிப்பாய்கள் கைதட்டிச் சிரித்தார்கள். உன் அப்பாவை ரயில் பெட்டியில் அடைத்துக் கதவைச் சாத்தும் நேரத்தில் பிடித்து இறக்கினார்களாம். நான் கொட்டகைக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து கிழங்கை முன்னால் வைத்தேன். ஒனக்குத்தான் அந்தச் சீட்டி தெரியுமே, காலையிலேருந்து நின்னியாமே, வாயில்லா ஜீவன் துடிச்சிருக்கே என்றார். ஆமாம் நின்றேன் என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும்தான் பதில். கோபப்பட ஆள் வீட்டில் இருக்கிறாரே, அதுவே எனக்குப் போதும். நான் செய்ததற்கு வருத்தப்படவில்லை, நாளைக்கும் அப்படித்தான் செய்வேன். ஆனால் நான் கொட்டகைப் பக்கம் போனால் செல்லி பழையபடி காதை விடைத்துக்கொண்டு கனைக்கிறது. அதற்கு ஒன்றும் தெரியாது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மாப்பிள்ளையை ரோட்டோரம் தனியாகப் போகவிடாதே, புல்லுக்கோ விறகுக்கோ நீயே போ. உன்னையும் உன் பிள்ளையையும் தேவதாய் தன் மடியில் வைத்துக் காப்பாள். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் மகனுக்கு விளையாட்டாகக்கூட அந்தச் சீட்டியைச் சொல்லிக்கொடுக்காதே. யார் கேட்டாலும் சரி, நம் வீட்டில் அது உன் அப்பா ஒருவருக்குத்தான் தெரியும், உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உன் அம்மா
சூசையம்மாள்