முனுசாமி அண்ணன் தண்ணீர் ஊற்றவில்லை

9.8.2004, திங்கள்

காலையிலேயே புழுக்கம். தட்டாஞ்சாவடி வரை சைக்கிள், முதுகெல்லாம் வேர்வை.

எங்கள் சிப்ஸ் கம்பெனிக் கிடங்கில் பதினோரு மூட்டை உருளைக்கிழங்கு கெட்டிருக்கிறது. கிடங்கு பார்க்கும் முனுசாமி அண்ணன் தரையில் தண்ணீர் ஊற்றியதுதான் காரணமாம். சொல்வது மானேஜர். அண்ணனை வேலையை விட்டே நிறுத்தப் போகிறாராம்.

"சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலம்மா." அண்ணனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

எனக்கும் சந்தேகம். ஈரத்தில் அழுகினால் கொழகொழத்து நாறும். இது நாறவில்லை. தோல் வளையம் வளையமாகச் சுருங்கி, உள்ளே பொந்து. பொந்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூஞ்சை.

முதலாளி காசிம் பாயிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். "சரி, பாரும்மா."

மானேஜர்: "சிப்ஸ் ருசி பாக்கறவங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?"

எம்.எஸ்ஸி. தாவரவியல், சார். (வாய்விட்டுச் சொல்லவில்லை.)

10.8, செவ்வாய்

அரை நாள் லீவு. படித்த கல்லூரியில் மைக்ராஸ்கோப் தந்தார்கள். ஒரு துளி நீலச் சாயம். பிறை பிறையாக வித்துகள், குறுக்கே கோடுகள். ஃபுசேரியம்! உலர் அழுகல் நோய் தரும் பூஞ்சை. அங்கேயே கத்திவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காயம் வழியாகத்தான் இது கிழங்குக்குள் நுழையும். காயம் எப்படி?

அம்மாவின் கண் சொட்டு மருந்து வாங்க மறந்தாயிற்று.

11.8, புதன்

கெட்ட கிழங்குகளைக் கழுவிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நேர்கோடாக ஒரு வெட்டு. போன மாதம் கிழங்கு அள்ள வந்த இரும்பு ஷவலின் விளிம்பு அந்த வெட்டில் சரியாகப் பொருந்தியது. வாங்கியவர் மானேஜர்.

நல்ல கிழங்குகள், மூன்று பெட்டி:
1. ஷவல் வெட்டு + நோய்த்தூள் (கெட்ட கிழங்கில் சுரண்டிய பூஞ்சை)
2. வெட்டு இல்லை + நோய்த்தூள்
3. வெட்டு இல்லை, தினம் தண்ணீர்

25.8, புதன்

நேற்று மழை. இன்று பாய், மானேஜர், மு. அண்ணன் மூவர் முன்னாலும் பெட்டிகளைத் திறந்தேன். முதல் பெட்டி முழுக்க அதே சுருக்கம், அதே பொந்து. இரண்டாவது சுத்தம். மூன்றாவதில் ஒன்று முளைவிட்டிருந்தது, அழுகல் இல்லை.

சொல்லிவிட்டேன்: "தண்ணி இல்ல சார். இந்த ஷவல்தான்."

மானேஜர் தரையைப் பார்த்தார். "நான்தான வாங்கினேன்..."

பாய்: "அத்த தூக்கி வெளிய போடு. முனுசாமி இங்கியேதான் இருப்பான். நீ ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போடும்மா."

கண்டறிந்தவர்: சு. கோமதி. எட்டு வருஷத்தில் வருகைப் பதிவேட்டுக்கு வெளியே என் பெயர், இதுதான் முதல் தடவை. மூன்று முறை வாசித்தேன்.

வெளியே மு. அண்ணன், வீட்டுக்குப் போன். "வேல போவலடி. அது காயத்துல வர்ற நோவாம். நம்ம கோமதி மேடம் கண்டுபுடிச்சாங்க."

மேடமாம்! காலை வரை வெறும் "ஏம்மா".