நாலு விரல் இடம்

கோபக்காரிக்கு,

உன் வக்கீல் அனுப்பின தாள் வந்துடுச்சு. அதை அப்புறம் சொல்றேன்.

நம்ம பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஓடுது. பெரிய இன்ஜின் ஒருவழியா உள்ளே உட்கார்ந்துடுச்சு. சத்தம் தாங்காம எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலைச் சாத்திட்டாங்க. நீ இருந்தா சிரிச்சிருப்பே.

ஸ்டீயரிங் கம்பியில இடிக்கும்னு இன்ஜினை உன் பக்கமாத் தள்ளி வெல்டிங் வச்சேனே, ஞாபகமிருக்கா? இடமில்லாம உன் சீட்டைக் கழட்டிச் சமையலறைச் சுவரோரம் போட்டேன். "அப்ப நான் எங்கே உட்கார்றது?"ன்னு கேட்டே. "முதல்ல வண்டி ஓடட்டும்டி"ன்னேன். அதுக்கப்புறம் நீ எதுவுமே கேட்கலை. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

எல்லாத்தையும் கண்ணளவுலயே முடிக்கிறவன், இன்னைக்குத்தான் டேப் வச்சு அளந்தேன். ஒரு விரல் தள்ளியிருந்தாலே போதும். நான் அஞ்சு விரல் தள்ளியிருக்கேன். உன் சீட்டுக்குத் தேவைப்பட்ட நாலு விரல் இடம் என் கால் பக்கம் சும்மா கிடக்கு.

உன் சீட்டுல உட்கார்ந்துதான் இதை எழுதறேன். இங்கேயிருந்து சமையலறை ஜன்னல் வழியாப் பார்த்தா, வண்டி ஷெட்டுல குனிஞ்சு வேலை செய்யறவனோட முதுகு மட்டும்தான் தெரியும். கல்யாணமாகிப் பதினோரு வருஷமா நீ அதைத்தான் பார்த்திருக்கே.

டைவர்ஸ் தாள்ல கையெழுத்துப் போட்டு இதோட வச்சிருக்கேன். நீ கேட்டு நான் உடனே செஞ்சது இது ஒண்ணுதான்.

இப்படிக்கு,
கண்ணளவுக்காரன்