நீங்கள் விட்டுப்போன சீவிய உரித்து

என்னுடைய இஞ்சாருங்கவுக்கு,

கல்யாணமான நாள் முதல் 'இஞ்சாருங்க' என்பதல்லாமல் உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எப்படி வரும்? ஆண்டுத் திவசத்துக்கு அஞ்சலிப் பிரசுரம் அடிக்க வேண்டும் என்று உங்கள் தம்பி கதிர் வந்து கேட்டான். நானே எழுதுகிறேன் என்றேன். நாலு பேர் படிக்கட்டும்.

நீங்கள் போன மறுமாதம், உங்கள் உயிலை எழுதிய நொத்தாரிசு என்னையும் கதிரையும் கூப்பிட்டார். நல்ல மனுசன். எனக்குப் பிரெஞ்சு ஓடாது என்று கண்டு, உங்கள் மரணசாசனத்தை நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் விளக்கினார். நாம் இருந்த இந்தப் பியர்பொன்ட்ஸ் வீட்டில் சாகும்வரை நான் இருக்கலாமாம். வாடகைக்கு விட்டால் வாடகை எனக்காம். ஆனால் விற்கவோ யாருக்கும் எழுதவோ முடியாதாம். வீட்டின் சொந்தக்காரர் இவர் என்று கதிரைக் காட்டினார்.

இந்த உரிமைக்குப் பிரெஞ்சில் 'யூசுஃப்ருவி' என்று பெயராம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. மகளுக்கு வீட்டை எழுதும் தாய்தகப்பன் தங்களுக்கு வைத்துக்கொள்ளும் சீவிய உரித்துத்தான் அது. கொடுப்பவர்கள் வைத்துக்கொள்வது. நான் யாருக்கு எதைக் கொடுத்தேன்?

கொடுத்தேன்தான். மட்டக்களப்பில் என் சீதன வீட்டை விற்றுத்தான் இரண்டு பேரும் விமானம் ஏறினோம். அங்கே வீடு பெண்ணுக்கு என்பது உங்களுக்குத் தெரியாதா? இங்கே நீங்கள் ஹோட்டல் குசினியிலும் நான் தையல் தொழிற்சாலையிலும் நின்று வாங்கிய வீட்டுக்கு, "ஒரு பேர் போதும், ரெண்டும் ஒண்டுதானே" என்றீர்கள். நானும் ஓம் என்றேன்.

நொத்தாரிசு சொன்னபோது கதிர் என்னைப் பார்க்கவில்லை. அவன் திகைக்கவும் இல்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஊரில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அகதியாக வந்து எங்கள் மேசையில் சோறு தின்றவன், தெரிந்துகொண்டேதான் தின்றிருக்கிறான். எந்த நாள் போய் எழுதினீர்கள்? நான் வேலைக்குப் போன நேரமா? திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தீர்களா?

பிள்ளை இல்லாதவள், அவளுக்குப் பிறகு வீடு அவள் சொந்தக்காரருக்குப் போய்விடும் என்று நினைத்தீர்களாம். அதையும் அவன்தான் சொன்னான்.

பனி கரைந்ததும் மனைவியோடு வந்து அறைகளை அளந்தான்.

"அண்ணி, தனி ஆளுக்கு இவ்வளவு பெரிய வீடு எதுக்கு? கார்ட்டியர்வில்லில ஒரு சின்ன அப்பார்ட்மென்ட் பாத்துத் தாறன். அந்தச் சீவிய உரித்த மட்டும் விட்டுத் தாங்க."

"உங்கட அண்ணன் எனக்குத் தந்தது அது ஒண்டுதான் தம்பி. அதையும் கேக்கிறீங்களா?"

"வீடு என்ட பேரில இருக்கே."

"ஓம். நான் செத்த பிறகு வந்து இருங்க."

அவன் போனபின் நான் அழவில்லை. கோவிலுக்குப் பக்கத்தில் சந்தித்த மன்னார்ப் பெண் றோஸ்மேரியைப் போய்க் கூட்டிவந்தேன். இரண்டு பெண் குழந்தைகளோடு புதிதாக வந்தவள். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒருவரும் அறை கொடுக்கவில்லை. நிலக்கீழ் அறைகளை அவளுக்கு வாடகைக்கு விட்டேன்.

கதிர் டெலிபோனில் கத்தினான். "என்னக் கேக்காம எப்பிடி ஆக்கள வைப்பீங்க?" நொத்தாரிசிடம் கேட்டேன். அவனைக் கேட்கத் தேவையில்லை, வாடகைக்கு விடுவது என் உரிமை என்றார். அன்றுதான் உங்கள் மரணசாசனம் எனக்கு முதல்முறை உதவியது.

போன கிழமை றோஸ்மேரி கேட்டாள், "அக்கா, இந்த வீடு உங்கட சொந்தமோ?" சூடான தேத்தண்ணியை ஒரு மிடறு விழுங்கிவிட்டு, "நான் இருக்கிற வீடு" என்றேன். அந்தக் கேள்விக்கு ஓம் என்று சொல்லும் வாயை ஏன் அடைத்துவிட்டுப் போனீர்கள்? அன்பு இருந்ததா, இல்லையா? சேர்ந்து வாழ்ந்த காலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

மன்னிப்பேன் என்று வாக்குத் தர என்னால் முடியாது. வேறொன்று தருகிறேன். சுவரில் ஒரு வெடிப்பு விடாமல் இந்த வீட்டைப் பார்ப்பேன், சட்டம் அதைத்தான் கேட்கிறது. பிரஷர் மாத்திரையைத் தவறவிடுவதில்லை. உப்பைக் குறைத்துவிட்டேன். பின்னேரங்களில் றோஸ்மேரியின் பிள்ளைகளோடு ஆற்றங்கரை வரை நடக்கிறேன். உங்கள் தம்பி தலை நரைக்கும்வரை காத்திருக்கட்டும். நான் நெடுங்காலம் இருப்பேன்.

இன்னமும் உங்கள் மனைவி,
மனோன்மணி