அவள் முடிக்கும் வரை

மார்ச் 4

பிரெஞ்சு வகுப்பில் இன்று சேர்ந்தாயிற்று. பள்ளியில் படித்த பிரெஞ்சைத் தூசி தட்ட வேண்டியவள் என் மனைவி. அவள் வேலை பார்க்கும் வரைபட அலுவலகத்தை பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். பிரிவுத் தலைவர் பதவிக்கு மே மாதம் நேர்காணல், அவர்கள் மொழியிலேயே. இவளுக்கோ பேச்சு திக்கும். நான் காப்பீட்டு ஏஜெண்ட், வாயால் பிழைப்பவன். இருபத்து மூன்று வருஷமாக அவள் ஆரம்பிக்கும் வாக்கியங்களை முடித்துவைப்பது என் பொதுச்சேவை. அதனால் துணைக்கு நானும்.

மார்ச் 11

வகுப்பில் ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தன் வாயை மூடாத ரகம். எனக்குப் போட்டி.

மார்ச் 27

வீட்டுப்பாடம் செய்யவில்லை. மூக்குக்கண்ணாடி தொலைந்துவிட்டது என்றேன். அது மூக்கின் மேலேயே இருந்தது.

ஏப்ரல் 15

இதை எப்படி எழுதுவது?

'முடியும்' என்பதற்கு பிரெஞ்சில் ஒரு சொல் இருக்கிறது. 'வேண்டும்' என்று வாக்கியத்தை ஆரம்பித்தால் அது வேஷம் மாறி 'புயிஸ்' ஆகிவிடுகிறது. என்னால் முடிய வேண்டும், மற்றவர்கள் என்னைச் செய்ய விட வேண்டும் - இரண்டுக்கும் அதே புயிஸ். ஒரே சொல்லுக்கு, நடப்பதைச் சொல்ல ஒரு முகம், நடக்காமல் மனசுக்குள்ளேயே கிடப்பதற்கு இன்னொரு முகம்! எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்தானோ.

ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார் டீச்சர். இவள் எழுந்தாள்.

"இல் ஃபோ கெ ழ பு... பு..."

பழக்கதோஷம், நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. முடித்துவைக்க எனக்கு பிரெஞ்சு தெரிந்தால்தானே? பல் டாக்டரும் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். மின்விசிறி சுற்றியது. அவள் நின்று, மூச்சு வாங்கி, வாக்கியத்தின் முடிவுக்கு வந்து சேர்ந்தாள்.

"...புயிஸ் ஃபினீர் மே ஃப்ராஸ்."

என் வாக்கியங்களை நான் முடிக்க முடிய வேண்டும்.

டீச்சர் கேட்டார்: "உங்களால முடியணும்னா, இல்ல மத்தவங்க விடணும்னா?"

"ரெ... ரெண்டும்தான்."

என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பி முறைத்திருந்தால் தேவலை.

ஏப்ரல் 16

கண்ணாடியில் என்னையே பார்த்துக் கேட்டேன்: ஏன்டா, இத்தனை வருஷமா உதவின்னு நினைச்சு என்னடா பண்ணிட்டிருந்த? அவளுக்குப் பேச்சு வரலையா - நீ வரவிடலையா?

ஏப்ரல் 22

காலையில் "கே... கே..." என்றாள். வழக்கமாக இந்த இடத்தில், கேஸ் தீர்ந்துவிட்டது என்று ஓடிப்போய் சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பேன். இன்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"கே... கேட்டைப் பூட்டிட்டுப் போங்க."

அவள் சொல்லவே சொல்லாத எத்தனை வாக்கியங்களுக்கு இதுவரை பதில் சொல்லியிருக்கிறேனோ.

மே 9

நேர்காணல். வீட்டு அறையில், கணினித் திரை வழியாக. பக்கத்தில் உட்காரட்டுமா என்றேன். "வெ... வெளியில இருங்க" என்றாள்.

மாடிப்படியில் உட்கார்ந்தேன். அவள் குரல் போனது, நின்றது, மறுபடி போனது. நின்ற இடத்திலெல்லாம் நான் பாதி எழுந்து உட்கார்ந்தேன். திடீரென்று திரையில் இருந்தவர்கள் சிரிக்கும் சத்தம். அவளைப் பார்த்தா? எழுந்து போய்க் கதவில் கை வைத்துவிட்டேன்.

எடுத்துவிட்டேன்.

கொஞ்சம் பொறுத்து அவளும் சிரிப்பது கேட்டது. வெளி ஆட்களிடம் பேசும்போது அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

மே 16

பதவி கிடைத்துவிட்டது!

அன்று எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்டேன். தான் சொன்ன ஜோக்குக்காம். ஆரம்பித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் நின்றது. இரண்டு தடவையும் முடிவை மனசுக்குள் ஊகித்தேன், இரண்டும் தப்பு. டீ ஆறிப்போனது. காத்திருந்தேன்.

என்னைப் பற்றிய ஜோக். நான் இதுவரை சொன்ன எதையும்விட நல்ல ஜோக்.

அதை இந்த டைரியில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறாளாம்.