தூக்கிக் காட்டிய சக்கரம்

அன்பு மகள் நிகோராவுக்கு, ஃபெர்கானா பள்ளத்தாக்கின் கழுதைகளெல்லாம் எழுந்து நின்று வழிவிடும் உன் எர்காஷ் பெரியப்பா எழுதுவது. நான் நலம், உன் அம்மா நலம், வாசல் மாதுளைகூட நலம், லெனின்கிராட் குளிரில் நீயும் நலமாயிருக்க வேண்டும். உன் அப்பாவை இந்த வரிசையில் சேர்க்க முடியவில்லை. விபத்து, உடனே வா என்று தந்தி கொடுத்தேன். "போன வருஷம் அம்மா பேர்லயே அப்பாவுக்கு ரெண்டாம் கல்யாணம்னு தந்தி அடிச்சீங்க, இப்ப இதுவா பெரியப்பா, பரீட்சை முடிஞ்சு வர்றேன்" என்று பதில் போட்டாய். உன்மேல் தப்பில்லை.

பருத்திக்கு இலை உதிர்க்கும் மருந்து தெளிக்கிற நாட்கள், விமானம் ஓட்டுவது உன் அப்பா, கீழே மருந்து நிரப்புவது நான். செவ்வாய்க்கிழமை அவன் தரையை விட்டு எழும்பிய நொடியில் இடப்பக்கச் சக்கரம் கழன்று பருத்திக்குள் ஓடிவிட்டது. அச்சுக்குள்ளே விரிசலாம், வெளியிலிருந்து யார் கண்ணுக்கும் படாதாம், விசாரிக்க வந்தவர்கள் சொன்னார்கள். விமானத்தோடு பேசும் வானொலியும் போன மாதமே ஊமை. இப்படி ஆனால் கழன்ற சக்கரத்தை ஓடுபாதை நடுவில் நின்று தூக்கிக் காட்டுவது எங்கள் வழக்கம், பார்த்தால் இங்கே இறங்காமல் தீயணைப்பு வண்டி இருக்கிற நகரத்து நிலையத்துக்குப் போய்விடுவான். நான் தூக்கினேன் மகளே. வேறு நாளாயிருந்தால் பாமீர் மலையைத் தூக்கினேன் என்று எழுதியிருப்பேன். ஆனால் இந்தக் கோடை முழுக்க அவனைச் சிரிக்க வைக்க நான் தூக்கிக் காட்டாத பொருளில்லை, தர்பூசணி, டீ கொதிக்கிற சமோவார், ஒரு நாள் டிராக்டர் சக்கரம்கூட. ஒவ்வொரு தடவையும் இறக்கையை ஆட்டிச் சிரித்துவிட்டு இறங்குவான். அன்றும் ஆட்டினான். நான் கத்தியது யாருக்குக் கேட்கும், இறங்கினான், சக்கரமில்லாத பக்கம் மண்ணைக் குத்தி விமானம் புரண்டது. இழுத்து வெளியே கிடத்தியபோது அவன் கேட்டது ஒன்றுதான், "நிஜச் சக்கரமாண்ணா அது?"

இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, இப்போது நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. வர வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். கண் திறக்கும்போதெல்லாம் "நிகோரா எங்கண்ணா" என்கிறான். ரயில்ல வந்துக்கிட்டிருக்கா, தாஷ்கண்டைத் தாண்டிட்டா என்று சொல்லிவிட்டேன். என் ஆயுசில் நான் சொன்னதில் இந்த ஒன்றைத்தான் அவன் அப்படியே நம்பியிருக்கிறான். அதைப் பொய்யாக்கிவிடாதே.

நாளை விமானத்தில் உங்கள் ஊருக்கு வரும் பள்ளிக்கூட டீச்சர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கம்பளிச் சால்வை மறக்காதே, வழியில் பட்டினி கிடக்காதே. உனக்காக இரு கையேந்தி துஆ கேட்கிறேன், எனக்காகக் கேட்க வாய் வரவில்லை. என் எழுத்தை நீ நம்ப மாட்டாய், அதனால் கீழே ஒரு வரி உன் அம்மாவை எழுதச் சொல்லியிருக்கிறேன், அவள் கையெழுத்து உனக்குத் தெரியும்.

உன் பெரியப்பா,
எர்காஷ்

நிகோரா, அம்மாதான் எழுதறேன். அத்தனையும் நிஜம். கிளம்பு.