தந்தி வந்தால் கிளம்பாதே

உ
ஜேடர்பாளையம்
18.10.1983

அன்பு மகள் பூங்கொடிக்கு அம்மா எழுதுவது. நான் சௌக்கியம் சாமி. எல்லாக் கடிதத்திலும் வருகிற சௌக்கியம்தானே என்று தாண்டிப் போய்விடாதே, நிஜமாகவே எனக்கு ஒரு தலைவலிகூட இல்லை, எருமையைக் கறந்துவிட்டு, கடலைக்காட்டில் களையெடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அப்பாவுக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் சரியில்லை.

ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருஷம் ஆகும், தைக்கு வர முடியாது என்று நீ எழுதியதைப் படித்த அன்று அவர் சாப்பிடவில்லை. மகள் அமெரிக்காவில் கண்ணாடி பற்றிப் படிக்கிறாள் என்றால், ரசம் பூச சேலத்திலேயே ஆள் இருக்கிறானே என்று ஊரில் சிரிக்கிறார்கள். காற்றின் அசைவால் நட்சத்திரம் நடுங்கித் தெரிகிறது, அந்த நடுக்கத்தைப் பார்த்துப் பார்த்து தொலைநோக்கியில் வைக்கிற இந்தக் கண்ணாடி தானே வளைந்து கொடுத்துப் படத்தை நேராக்கும் என்று எனக்கு விளங்கிய மட்டும் நான் சொல்வேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இருபத்தேழு வயசாச்சே என்பதில் வந்து நிற்பார்.

போன வாரம் உன் மாமன் கைலாசம் வந்திருந்தான். சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் வீட்டுப் பையனாம், தையில் முடித்துவிட வேண்டுமாம். சோறு போட்டுக்கொண்டிருந்த என் எதிரிலேயே, "அக்காளுக்கு ரொம்ப முடியலைன்னு ஒரு தந்தி அடிச்சாப் போதுமுங்க மச்சான், அழுதுக்கிட்டு ஓடியாருவா. வந்ததும் பாஸ்போட்ட வாங்கிப் பொட்டீல வெச்சுப் பூட்டிப்போடலாம்" என்றான். உசிரோடு இருக்கிறவளுக்கா தந்தி என்று கேட்டேன். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கச் சம்மதிக்காத உன் அப்பா, பொய்யாகவே இருந்துவிட்டுப் போகட்டும், பிள்ளை வீடு வந்து சேரட்டும் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, என்னால் கோபப்படக்கூட முடியவில்லை.

உன் கண்ணாடி சில நேரம் இல்லாத நடுக்கத்தை இருப்பதாக நம்பி வளைகிறது, அதைச் சரிசெய்யப் போய் இன்னும் அதிகமாக ஆடுகிறது, நிஜம் எது பொய் எது என்று அதற்குப் பிரித்துச் சொல்வதில்தான் என் படிப்பே நிற்கிறது என்று எழுதியிருந்தாயே. பாதியில் விட்டால் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும் என்றும் எழுதியிருந்தாய். அதனால்தான் சொல்கிறேன், தந்தி வந்தால் கிளம்பாதே. உன்னைப் பார்க்க எனக்கு ஆசையில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே, பெற்ற வயிறு கிடந்து தவிக்கிறது. அவர் பேச்சை மீறி நான் செய்வது இதுதான் முதல் தடவை. பரமத்தி சந்தைக்குப் போகிற சாலம்மாளிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். உன் பதிலில் இதைப் பற்றி ஒரு வரி வேண்டாம், உன் கடிதத்தை அப்பாதான் பிரிக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு. உன் ஆராய்ச்சிக்கூடத்து லேசர் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்க்காதே. குலசாமி உனக்குத் துணை இருப்பாள், எடுத்த காரியம் முடித்து நன்றாக இரு. எனக்கு நிஜமாகவே முடியாமல் போனால் என் கையாலேயே எழுதுகிறேன், அதைப் பார்த்துவிட்டு வா. என் கையெழுத்து இல்லாமல் எது வந்தாலும் பொய். எழுதவும் முடியாதபடி நான் படுத்துவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்துப் பார்த்தேன், ஒரு வழியும் தெரியவில்லை. அப்போதும் அதைப் பொய் என்றே நினைத்துக்கொள் சாமி.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சென்னியம்மாள்