ஜாக்கிக்கு அடியில் அம்மி

1968, ஆவணி, புதன்கிழமை

இன்றைய பிழைகள் மூன்று:
1. ஜாக்கியைச் சோதிக்காதது என் பிழை.
2. லாரியை உயர்த்தியது மைத்துனன் முனுசாமியின் பிழை.
3. அம்மியை ஏற்றிக் கனம் கூட்டியது என் மனைவியின் பிழை.

நாளை கும்மிடிப்பூண்டியில் மகளுக்குக் கல்யாணம். பன்னிரண்டு மணி ராகுகாலத்துக்கு முன் சீர்வரிசை மாப்பிள்ளை வீட்டில் இறங்க வேண்டும். முனுசாமியின் லாரியில் மகளோடு கிளம்பினோம். ஊத்துக்கோட்டை தாண்டியதும் முன்சக்கரம் பஞ்சர். சேற்றில் ஓட்டுவதற்காக அவன் பெரிய சக்கரங்கள் போட்டிருந்தான். ஜாக்கி மட்டும் பழையது. முழுக்க ஏற்றியும் சக்கரம் தரையை விட்டு எழும்பவில்லை. அடியில் வைக்க அக்கம்பக்கத்தில் ஒரு கல் இல்லை.

"இன்னா மாமா, ஸ்டெப்னிய மூணு தபா தட்டிப் பார்த்தியே, ஜாக்கிய ஒரு வார்த்த கேட்டியா?" என்றான் முனுசாமி.

மணி பத்தரை.

"அம்மிய எறக்கி அடியில வைடா" என்றாள் என் மனைவி.

"அக்கா, அது கல்யாண அம்மி!"

"நாளைக்கி பொண்ணு ஏறி நிக்கப்போற கல்லுதானே? இன்னிக்கி லாரி நிக்கட்டும்."

விரிசல் விட்டால் என்ன ஆகும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விடவில்லை. பதினொன்றே முக்காலுக்குச் சீர் இறங்கியது. மாலையில் மனைவி அம்மியைக் கழுவி மஞ்சள் பூசினாள். ஜாக்கியின் வட்டத் தடம் மட்டும் போகவில்லை. மகள் அதைத் தடவிச் சிரித்தாள்.

கழற்றிய டயரிலிருந்து முனுசாமி ஒரு லாட ஆணியைப் பிடுங்கினான். ஆணி குத்தியதற்கு அம்மியின் கனம் என்ன செய்யும்? மூன்றாவதாக எழுதியது தவறு. மனைவியிடம் காலையில் சொல்ல வேண்டும். தைரியம் வந்தால்.